சீசன் இல்லாத நாட்களில் நகரம் சுற்றும்போது ஏமாறாமல் இருக்க: படிப்படியான முழு வழிகாட்டி

சீசன் முடிந்த பிறகு ஒரு நகரத்துக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த நாட்களில் உங்கள் காதில் விழும் பொய்கள் உண்மையைப் போலவே இருக்கும். கூட்டம் அலைமோதும் மாதத்தில் 'அருங்காட்சியகம் மூடியிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தே அது பொய் என்று தெரிந்துவிடும். மழையில் வெறிச்சோடிய தெருவில் அதையே சொன்னால் நம்பத் தோன்றும். அந்த மாதங்களில் சில இடங்கள் நிஜமாகவே மூடியிருக்கின்றன. சில ஹோட்டல்கள் நிஜமாகவே பாதி விலைக்கு அறை தருகின்றன. சில படகுகள் நிஜமாகவே ஓடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சீசன் முடிந்தால் பயணிகள் குறைவார்கள். தரகர்கள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. நூறு பேரைச் சுற்றி நின்றவர்கள் இப்போது பத்துப் பேரைச் சுற்றி நிற்கிறார்கள்.

உறவினர்களுக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்து, சில முறை அவர்களோடு கூடவே போய், எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அமைந்த வரிசை இது. முதல் மூன்று படிகளை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டு விமான நிலையத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் களைப்பும் அவசரமும் சேர்ந்துவிடுகின்றன.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதிய குறிப்பு, இணையம் இல்லாமலே திறக்கும்படி தரவிறக்கிய வரைபடம், இரண்டு வெவ்வேறு கணக்குகளின் கார்டுகள், பாஸ்போர்ட்டின் நகல், வங்கியின் அவசர எண். எல்லாம் போனில் இருக்கிறதே என்பார்கள். போனைத் தொலைத்த அன்று, அதில் இருந்தவை அத்தனையும் சேர்ந்தே தொலைந்துபோகும். அதனால்தான் தாள்.

1. எது எப்போது மூடியிருக்கும் என்று முதலில் எழுதுங்கள்

பார்க்க விரும்பும் இடங்களின் பட்டியலை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அவை மூடியிருக்கும் நாட்களின் பட்டியலை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. சீசன் இல்லாத நாட்களில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த இரண்டாவது பட்டியல்தான்.

தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். அதே நகரின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வாத்திகன் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. இவை ஆண்டு முழுவதும் பொருந்தும். இவற்றோடு பருவம் சார்ந்த மூடல்களும் உண்டு. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படுகின்றன. கடல் கொந்தளித்தால் இத்தாலியின் காப்ரி தீவிலுள்ள நீலக் குகைக்குள் படகு போகாது. மலை நகரங்களின் ரோப் கார்களைச் சீசன் இல்லாத வாரங்களில் நிறுத்திப் பராமரிப்பார்கள்.

ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விஷயங்களைத் தாளில் குறியுங்கள்: வார விடுமுறை, டிக்கெட் கவுண்டர் மூடும் நேரம், இந்த மாதத்துக்கான சிறப்பு அறிவிப்பு. அந்த இடத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் மேலே வருவது பல நேரம் டிக்கெட்டை மறுவிற்பனை செய்யும் தளமாக இருக்கும். சீசன் நேரத்து அட்டவணையை அங்கே மாற்றாமலே விட்டிருப்பார்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, திறக்கும் நேரத்தை மட்டும் பார்ப்பது. குளிர்காலத்திலும் மழைக்காலத்திலும் பல இடங்கள் சீக்கிரமே மூடிவிடுகின்றன. கவுண்டர் அதற்கும் முன்பே மூடிவிடும். தாமதமாக வந்து வாசலில் திகைத்து நிற்பவரைத்தான் 'பின்வாசல் வழியாக அழைத்துப் போகிறேன்' என்பவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

2. தங்குமிடம்: தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

சீசன் இல்லாத விலைக்குறைப்பு இயல்பானதுதான். அக்கம்பக்கத்து ஹோட்டல்கள் எல்லாம் ஒரு விலையில் இருக்க, ஒன்று மட்டும் அதிலும் பாதிக்குக் கொடுத்தால் காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலும் மராமத்து வேலையாக இருக்கும்: லிஃப்ட் ஓடாது, வெந்நீர் வராது, அடுத்த மாடியில் காலை முதல் சுத்தியல் சத்தம். இதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லாமல் மறைத்துப் பணம் வாங்கினால் நமக்கு நஷ்டம் நஷ்டம்தான்.

முன்பதிவுக்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள்: 'நாங்கள் தங்கும் நாட்களில் கட்டட வேலை ஏதாவது நடக்குமா? லிஃப்ட், வெந்நீர், அறைச் சூடேற்றி எல்லாம் இயங்குமா? வரவேற்பில் இரவு ஆள் இருப்பாரா?' முன்பதிவுத் தளத்தின் உள்ளேயே கேளுங்கள். நாளை பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அந்தப் பதில்தான் சான்று. தொலைபேசியில் கேட்டதற்குச் சான்று கிடையாது.

அடுத்தது, உண்மையிலேயே ஆபத்தானது. முன்பதிவு செய்த சில நாட்களில் ஹோட்டலின் பெயரிலேயே ஒரு செய்தி வரும்: 'உங்கள் கார்டு விவரம் சரிபார்க்கப்படவில்லை. இந்த இணைப்பில் 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் அறை ரத்தாகும்.' உங்கள் பெயர், தேதி, அறை வகை எல்லாம் அதில் சரியாக இருக்கும். ஹோட்டலின் கணக்குக்குள் திருடர்கள் புகுந்துவிட்டால், தளத்தின் உள்ளே இருக்கும் செய்திப் பெட்டியிலிருந்தே இப்படி அனுப்ப முடியும். அந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஹோட்டலின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள்.

வீடுகளையும் அடுக்ககங்களையும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இன்னொன்று. 'சீசன் இல்லாததால் தளத்துக்கு ஏன் கமிஷன் கொடுக்க வேண்டும்? நேரடியாகக் கணக்குக்கு அனுப்புங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன்' என்று சொல்பவருக்கு ஒரு காசு அனுப்பக் கூடாது. அந்த வீடு இருக்கிறதா என்பதே சந்தேகம். படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு ஊரில், வேறு பெயரில் அதே படுக்கையறை வந்து நிற்கும்.

3. பணத்தைப் பிரியுங்கள், நோட்டுகளைப் பழகுங்கள்

ஒரு கார்டு கையில், இன்னொன்று அறையில் பூட்டிய பெட்டியில். அன்றன்றைக்கான ரொக்கம் தனிப் பர்ஸில். ஒன்று போனாலும் பயணம் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் இதன் நோக்கம்.

இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே செயலியில் திறக்கவும் மூடவும் உச்சவரம்பு வைக்கவும் முடியும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இது. பயணத்துக்கு முன் திறந்து, தேவையான அளவுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். திரும்பியதும் மூடிவிடுங்கள்.

போகும் நாட்டின் நோட்டுகளைப் படத்தில் பார்த்து நிறத்தையும் அளவையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வியட்நாமின் 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் நீலச் சாயல் கொண்டவை. டாக்ஸியின் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை நீட்டினால் 25 மடங்கு கொடுத்தவர் ஆவீர்கள். 'நீங்கள் கொடுத்தது சின்ன நோட்டு' என்று ஓட்டுநர் கை மாற்றிக் காட்டும் தந்திரமும் இந்தக் குழப்பத்தை நம்பித்தான் நடக்கிறது. நோட்டைக் கொடுக்கும்போதே மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

4. வந்திறங்கியதும் முதல் பயணம்

பயணம் முழுவதிலும் நாம் மிகவும் பலவீனமாக இருக்கும் அரை மணி நேரம் இது. தூக்கம் இல்லை, கையில் பெட்டி, போனில் சிக்னல் வரவில்லை. எனவே இங்கே எடுக்க வேண்டிய முடிவுகளை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நகருக்குப் போகும் கடைசி ரயிலும் பஸ்ஸும் எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதியிருங்கள். சீசன் இல்லாத கால அட்டவணையில் சேவைகள் குறைவு. அதைத் தெரிந்துவைத்துத்தான் 'கடைசி பஸ் போய்விட்டது' என்று சொல்கிறார்கள்.

டாக்ஸி என்றால், அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டா என்று பாருங்கள். பாரிஸ் விமான நிலையங்களிலிருந்து நகருக்குள் வர நிலையான கட்டணம் உண்டு. சேன் நதியின் எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ரோமின் ஃபியுமிச்சினோ நிலையத்திலிருந்து பழைய மதில்களுக்கு உட்பட்ட பகுதிக்கும் அப்படியே. அது ஒரு வண்டிக்கான கட்டணம். ஆளுக்கு இவ்வளவு என்று சொன்னால் இறங்கிவிடுங்கள். பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையத்தில் டாக்ஸி வரிசையில் இயந்திரம் ஒரு சீட்டுத் தரும். ஓட்டுநர் அதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். புகார் செய்ய வேண்டிவந்தால் அந்தச் சீட்டு மட்டுமே உங்கள் பக்கம் பேசும்.

வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து 'டாக்ஸி?' என்று கேட்பவரோடு போகக் கூடாது. உரிமம் பெற்ற வண்டி வெளியே வரிசையில் நிற்கிறது. அதற்கு ஆள் பிடிக்கும் தேவை இல்லை.

வண்டியில் ஏறிய பின் 'உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது, சீசன் இல்லையே' என்றால் வாதாட வேண்டாம். 'பரவாயில்லை, அந்த முகவரியிலேயே இறக்கிவிடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். கிளம்பும் நாளன்று ஹோட்டலிலிருந்து வந்த உறுதிச் செய்தி கையில் இருந்தால் குரலும் நடுங்காது. அவரே தன் போனில் 'ஹோட்டலுக்கு' அழைத்துக் கொடுத்தால் பேசாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் அவருடைய கூட்டாளி.

5. வாசலில் வந்து பேசுபவர்

ஒரு மழைநாளில் சித்தப்பா, சித்தியோடு ஓர் அரண்மனைக்குப் போயிருந்தேன். தூறல். மதிலோரம் எங்களைத் தவிர யாரும் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் கறுப்புக் குடையோடு ஒருவர் அருகில் வந்தார். நல்ல பேச்சு, நல்ல புன்னகை. 'இன்று காலை உள்ளே ஒரு சடங்கு. மதியம்தான் திறப்பார்கள். அதுவரை மழையில் நிற்பானேன்? என் நண்பரின் ஆட்டோ இருக்கிறது. மூன்று கோயில்கள் காட்டிவிட்டு இங்கேயே கொண்டுவந்து விடுவார்' என்றார். சித்தி கைப்பையிலிருந்து பணத்தை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

"சித்தப்பா, இன்றைக்குத் திறந்திருக்கும் நாள்தான். தாளில் எழுதியிருக்கிறேன். கவுண்டர் வரை நடந்து பார்த்துவிடுவோம்" என்றேன். குடைக்காரர் சொன்ன திசைக்கு எதிர்ப்பக்கமாக மதிலைச் சுற்றி நடந்தோம். திருப்பம் தாண்டியதும் வாசல் திறந்திருந்தது. வரிசையே இல்லை. நாங்கள் முதலில் நின்றிருந்தது பக்கவாட்டுக் கதவு. அது எப்போதுமே பூட்டியிருக்கும் கதவு.

இதே நாடகம் பாங்காக்கின் அரண்மனை வாசலில் பல்லாண்டுகளாக நடக்கிறது. மலிவான ஆட்டோ சவாரி, நடுவில் ஒரு கோயில், கடைசியில் ரத்தினக் கல் கடை. புது தில்லி ரயில் நிலையத்தில் இதன் வேறு வடிவம்: வெளிநாட்டுப் பயணிகளுக்கான முன்பதிவு அலுவலகம் நிலையக் கட்டடத்தின் முதல் மாடியிலேயே இருக்க, 'அது இடம் மாறிவிட்டது' என்று சொல்லித் தனியார் கடைக்குக் கூட்டிப்போவார்கள்.

இங்கே ஒரு விதி போதும். மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும், கவுண்டரின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பார்த்த பிறகே நம்புங்கள். சொன்னவரோடு சண்டை வேண்டாம், நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபிக்கவும் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு நடங்கள். நின்று பதில் பேசுபவரைத்தான் இரண்டாவது கதை சொல்லி மடக்குகிறார்கள்.

இதில் படித்தவர்கள் செய்யும் தவறு, அடையாள அட்டையைப் பார்த்து மயங்குவது. அட்டை அச்சடிப்பது எளிது. அரசு ஊழியர் கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பார். தெருவில் வந்து உங்கள் நாளைத் திட்டமிட்டுத் தர அவருக்கு நேரம் இருக்காது.

6. ஆள் சேராத சுற்றுலா

சீசன் இல்லாத நாட்களுக்கே உரிய சிக்கல் இது. ஒருநாள் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியிருப்பீர்கள். காலையில் 'குறைந்தபட்ச ஆட்கள் சேரவில்லை' என்று சொல்லி மட்டமான வேறொரு சுற்றுலாவில் ஏற்றிவிடுவார்கள், அல்லது 'தனி வண்டி' என்று கூடுதல் பணம் கேட்பார்கள். ஆள் சேராதது உண்மையாகவே இருக்கலாம். பணத்தைத் திருப்பாததுதான் அநியாயம்.

கட்டும் முன் நான்கு கேள்விகள்: குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? இதுவரை எத்தனை பேர்? சேராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா? எத்தனை நாளில்? பதிலை ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

தீவு, படகு, தேசியப் பூங்கா என்றால் முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்துப் பாருங்கள். சிமிலன் தீவுகளுக்கு ஜூலையில் டிக்கெட் விற்றால், அந்தப் படகு வேறெங்கோதான் போகும்.

7. கார்டு இயந்திரம், ஏ.டி.எம்., கியூ.ஆர். குறியீடு

கார்டைச் செருகியதும் சில நேரம் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்றில் உள்ளூர்ப் பணத்தில் தொகை. மற்றொன்றில் உங்கள் நாட்டுப் பணத்தில். சொந்த நாட்டுப் பணத்தைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும். போக விடாதீர்கள். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை இயந்திரக்காரர் தீர்மானிக்கிறார். அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். எப்போதும் உள்ளூர்ப் பணம். கடைக்காரர் உங்களைக் கேட்காமலே அழுத்தினால், ரத்து செய்து மீண்டும் போடச் சொல்லுங்கள். தேர்வு வாடிக்கையாளருடையது.

ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். 'மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா' என்றால் மறுக்கலாம். பரிவர்த்தனை நிற்காது, பணம் வரும். வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரத்தையே வேலை நேரத்தில் பயன்படுத்துங்கள். கார்டு சிக்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார். ஆளில்லாத தெருவில் 'உதவி செய்கிறேன்' என்று வருபவர் இருந்தால், பரிவர்த்தனையை ரத்து செய்துவிட்டு நகருங்கள்.

வாகன நிறுத்தத்திலும் மிதிவண்டி நிலையத்திலும் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை விரலால் தடவிப் பாருங்கள். அச்சடித்த பலகையின் மேல் ஒட்டுத்தாள் தட்டுப்பட்டால் அது வேறொருவருடைய கணக்கு.

8. வாடகை வண்டி

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். நகல் தருகிறேன், ரொக்க முன்பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கடை. சீசன் இல்லாத நாட்களில் பேரம் உங்கள் பக்கம்தான். தாய்லாந்தின் பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் ஜெட் ஸ்கீ என்னும் நீர் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டிப் பெருந்தொகை கேட்பது தெரிந்த கதை. எடுக்கும் முன், கடைக்காரரும் படத்தில் வரும்படி வண்டியின் நான்கு பக்கத்தையும் அடிப்பாகத்தையும் வீடியோ எடுங்கள். நீங்கள் எடுப்பதை அவர் பார்க்க வேண்டும்.

9. நட்பாக அழைப்பவர்கள்

பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் 'ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும்' என்று வரும் இளைஞர்கள் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போவார்கள். கடைசியில் மலைக்க வைக்கும் பில் வரும். இஸ்தான்புல்லில் ஷூ பாலிஷ் போடுபவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு நடப்பார். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் நன்றிக்காக பாலிஷ் போட்டுவிட்டுக் காசு கேட்பார். பாரிஸில் சேன் நதியோரம் ஒருவர் குனிந்து 'தங்க' மோதிரம் எடுத்து உங்களுடையதா என்பார். இல்லை என்றால் உங்கள் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்பார். எல்லாவற்றிலும் முதல் அடியை எடுத்து வைப்பவர் அவர்தான். இடத்தைத் தேர்வு செய்பவரும் அவரே.

அன்பாகப் பேசுபவர்களை எல்லாம் சந்தேகிக்கச் சொல்லவில்லை. கூட்டம் இல்லாத நாட்களில்தான் ஊர்க்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள். அதற்காகவே நான் அந்த மாதங்களில் போகிறேன். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்: 'எதிரே இருக்கும் அந்தக் கடையில் உட்காரலாமே' என்று சொல்லிப் பாருங்கள். நட்புக்காக வந்தவர் சம்மதிப்பார். கமிஷனுக்காக வந்தவர் தன் கடையையே வற்புறுத்துவார்.

10. ஏமாந்துவிட்டால், இந்த வரிசையில்

முதலில் பாதுகாப்பான இடத்துக்கு நகருங்கள். மிரட்டுபவர்களிடம் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வெளியேறினாலும் தவறில்லை. பிறகு மீட்க வழி உண்டு. உடலுக்கு நேரும் காயத்தை அப்படி மீட்க முடியாது.

அடுத்து, கார்டு தொடர்பு இருந்தால் செயலியில் உடனே முடக்கிவிட்டு வங்கியை அழையுங்கள். இந்திய வங்கிகளில், உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பின் மோசடியால் நடந்த அனுமதியற்ற பரிவர்த்தனையை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. அதனால்தான் போலீஸுக்கு முன்பே வங்கி.

மூன்றாவதாக, மறக்கும் முன் எழுதுங்கள்: நேரம், இடம், வண்டி எண், என்ன சொன்னார்கள். ரசீதைப் படமெடுங்கள். அன்று இரவே நினைவு கலைந்துவிடும். மறுநாள் காவல் நிலையத்தில் 'ஏதோ ஒரு நீல வண்டி' என்பதற்கு மேல் சொல்ல வராது.

பிறகு புகார். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல் 1155. இந்தியாவில் சுற்றுலா உதவி எண் 1363, இணையவழிப் பண மோசடிக்கு 1930. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசரத்துக்கு 112. பயணக் காப்பீடு இருந்தால் புகாரின் எழுத்து நகலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் பேச்சையே எடுக்காது.

உடன் வந்தவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அவமானம் என்று நினைத்து மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அதே வாசலில் அதே குடைக்காரர் அவர்கள் வீட்டுப் பெரியவரிடம் வந்து நின்றிருக்கிறார்.